திங்கட்கிழமை கிளம்பிய பெட்டி

1

விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கி எடை போடும் மேடையில் நின்ற அந்தப் பெண், என் மகளிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்டார். இங்கே விமானம் ஏறுகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கேட்கிறவரும் அதைக் காதில் வாங்காமல் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

"இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா?"

"ஆமாம்" என்றாள் கோமதி. இது முக்கால் உண்மை. மிச்சக் கால்வாசியை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் அம்மா அடுக்கியிருந்தாள்.

"அடுக்கிய பிறகு பெட்டி உங்களிடமேதான் இருந்ததா?"

இங்கேயும் ஓர் ஆமாம் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நேருக்கு நேர் கேட்டால் என் மகளுக்குப் பொய் வராது. "இல்லை, மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில் இருந்தது" என்றாள்.

அந்தப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"நான் வியாழக்கிழமை கிளம்பக் கூடாது. அதனால் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டேன்."

"இன்று வியாழக்கிழமை."

"ஆமாம். அதனால்தான்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் என் மனைவி செல்வியும் பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னமோ கேக்காவ. பிள்ளை எம்புட்டு தெளிவா பதில் சொல்லுதா பாருங்க" என்று செல்வி பெருமைப்பட்டாள். அந்தப் பெருமை அடங்குவதற்குள் ஒரு மேலதிகாரி வந்தார், அவருக்குத் துணையாகக் கையுறை போட்ட இன்னொருவரும் வந்தார். பெட்டியை ஓர் எஃகு மேசையில் வைத்துத் திறந்தார்கள்.

முதலில் வெளியே வந்தது செல்வியின் கால்வாசி. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி. மூன்றும் பெயரெழுதாத பிளாஸ்டிக் உறைகளில். பிறகு நார்த்தங்காய் ஊறுகாய். அதற்கும் கீழே, காகிதத்தில் நாலாக மடித்து, நூல் சுற்றி ஒரு பொட்டலம். கையுறைக்காரர் அதைப் பிரித்து, "இது என்ன?" என்றார்.

"மண்" என்றாள் கோமதி.

எங்கள் சங்கரன்கோவில் கோயிலில் கொடுக்கிற புற்றுமண் அது. ஊரிலிருந்து யார் வந்தாலும் செல்வி கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாள்.

"எதற்கு?"

"நெற்றியில் பூச. உடம்பு சரியில்லையென்றால் துளி வாயிலும் போட்டுக்கொள்ளலாம்."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் இந்த நாட்டில் தண்ணீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறவன். எத்தனையோ அதிகாரிகளுக்கு எத்தனையோ விளக்கம் கொடுத்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் பக்கத்தில் முன்கூட்டியே புறப்படுதல் என்று ஒரு வழக்கம் உண்டு என்று தொடங்கினேன்.

"யார் முன்கூட்டியே புறப்படுவது?" என்றார் மேலதிகாரி.

"பெட்டி."

"எங்கே போகும்?"

"பக்கத்து வீட்டுக்கு."

"அங்கிருந்து?"

"எங்கேயும் போகாது. அங்கேயே இருக்கும்."

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் இதற்கெல்லாம் இடம் விட்டிருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மரியாதையான மனிதர். பொடிகளை எதிலோ காட்டிச் சோதித்து, மண்ணையும் சோதித்து, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, "நல்ல பயணம்" என்று வாழ்த்தித் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான்.

காரில் பெட்டியை ஏற்றும்போது செல்வி சொன்ன முதல் வார்த்தை இது: "பெட்டி நம்ம வீட்டுக்குள்ள வரப்படாது, சொல்லிட்டேன்."

2

ஊரில் இருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன்: பரஸ்தானம். நாம் பயணம் போக வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முந்தைய நல்ல நாளில், நல்ல நேரத்தில், பெட்டியை மட்டும் வீட்டை விட்டு வெளியேற்றி வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பிய மாதிரி. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் தோஷம் கிடையாது. நிபந்தனை ஒன்றுதான், வெளியே போன பெட்டி திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

கோமதியின் பல்கலைக்கழகம் எங்களுக்கு நேர் தெற்கே இருக்கிறது. வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. செல்வி புளியங்குடிக்காரி. அங்கிருந்து வருடா வருடம் வருகிற நாள்காட்டியில் இதைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். மாற்றினால் டிக்கெட் விலையே மறுபடி கேட்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் பரஸ்தானம்தான் என்றாள். திங்கட்கிழமை காலை ராகுகாலம் கழிந்ததும், பக்கத்து வீட்டு ஹெலனிடம் பெட்டியை நானே உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஹெலன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாயும் அவருமாக இருக்கிறார். "மூன்று நாள் வைத்திருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்குள் விடக் கூடாது. அவ்வளவுதானே?" என்றார். காரணம் கேட்கவில்லை. இந்த நாட்டு அதிகாரிகளெல்லாம் ஹெலனிடம் பயிற்சிக்குப் போகலாம்.

எனக்கு இந்தச் சூலத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் உருட்டிக்கொண்டு போனேன் என்றால், எனக்கு வேறொரு காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை சாப்பிடும்போது கோமதியிடம் கேட்டேன், டிசம்பர் விடுமுறைக்கு எப்போது வருவாய் என்று. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாங்க நாலு பேரும் சேர்ந்து வீடு எடுத்திருக்கோம்பா. ரெண்ட் எப்படியும் குடுக்கணும். அங்கயே ஒரு காபி ஷாப்ல வேலையும் இருக்கு. பார்க்கலாம்" என்றாள்.

பார்க்கலாம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடம், போகப் போவதில்லை என்றால் நாம் சொல்கிற பதில் அது. கூட்டாளிகள் அவளை ஜோ என்று கூப்பிடுகிறார்கள். போனில் அவளும் "ஜோ பேசறேன்" என்றுதான் சொல்கிறாள். கோமதியம்மன் பெயரை வைத்த பிள்ளை. அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பார்க்கலாம் என்னை விடவில்லை. டிசம்பரில் வரமாட்டாள், பிறகு ஈஸ்டருக்கும் வரமாட்டாள், பிறகு விருந்தாளி மாதிரி இரண்டு நாள் வந்து போவாள். எனக்குப் பயமாக இருந்தது.

சரி, இந்த முறையாவது கிளம்புகிற கடைசி நாட்கள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பெட்டி போய், ஆள் போகாமல் இருக்கிற நாட்களைப் போல் ஒரு சுகம் மாணவப் பருவத்தில் வேறு கிடையாது. அதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

3

எழுபதுகளின் கடைசி. நான் மெட்ராஸில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறை முடிந்து இரண்டாம் வருடத்துக்குத் திரும்ப வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ரயில். மெட்ராஸ் வடக்கே, புதன்கிழமை வடக்கே சூலம்.

எங்கள் வீட்டில் சூலத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அப்பா வத்தல் மண்டி வைத்திருந்தார். மிளகாய் வத்தல் மூடை வருகிற இடம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் வீடே தும்மும். ஒற்றைத் தும்மல் பயணத்துக்கு ஆகாது. வத்தல் மண்டிக்காரர் வீட்டில் தும்மல் இல்லாமல் ஒருவன் படி இறங்க முடியுமா? அதனால் அம்மா, அப்பா மண்டிக்குப் போன பிறகு, அவர் வேட்டியைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையிலேயே என் டிரங்குப் பெட்டியை வெளியேற்ற முடிவு செய்தாள்.

எதிர் வீடு மாடசாமி அண்ணாச்சி வீடு. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். வீட்டு முன்னறை முழுக்க அண்டா, குண்டான், கரண்டி, ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதற்கு நடுவில் என் பெட்டிக்கு இடம் கிடைத்தது. பச்சை வண்ணம் அடித்த புதுப் பெட்டி. மூடியின் மேல் என் பெயர். பெயரோடு படிப்பையும் எழுதச் சொல்லியிருந்தாள் அம்மா. பெயிண்டருக்கு மேலே இடம் போதாமல், முகப்பில் கொட்டை எழுத்தில் எம்.எஸ்ஸி. என்று எழுதிவிட்டார். இன்னும் பாஸ் ஆகவில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி படியைத் தாண்டியபோது அம்மா அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, பெட்டி போயாச்சு. இனிமே நீ இந்த வீட்டுல விருந்தாளி" என்றாள்.

அந்த வார்த்தை பலித்தது. மத்தியானம் அப்பா வந்து, மண்டிக்கு வந்து மூடைகளை எண்ணு என்று வழக்கம்போல் தொடங்கினார். அம்மா குறுக்கே வந்து, "அவந்தான் போயாச்சே. போன பிள்ளைய எப்படி வேலைக்குக் கூப்பிடுதிய?" என்றாள். சட்டப்படி அம்மா சொன்னது சரிதான். அப்பா தும்மிவிட்டுப் போய்விட்டார்.

4

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதலில் உடுப்பு. என் சட்டை எல்லாம் பெட்டிக்குள். பெட்டியைத் திறக்கக் கூடாது. அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அதற்குள் என்னைப் போல் இன்னொருவன் நுழையலாம். கை உயர்த்தினால் வத்தல் நெடி. தெருவில் நான் போகிற வழியெல்லாம் தும்மிக்கொண்டே போனேன். "ஏலே, இன்னுமா போகல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "திங்கக்கிழமையே போயிட்டேன் அண்ணாச்சி" என்று பதில் சொன்னேன். அவர்களும் எதிர் வீட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவர்கூட அந்தப் பதிலை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதக் காற்று. செங்கோட்டைப் பக்கம் சாரல் விழுந்தால் எங்கள் ஊருக்குத் தூறல் வராது, காற்று மட்டும் வரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடியறையில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால், ஜன்னல் கதவு ஆடுகிற சத்தத்திலேயே கண் சொருகும். விடுதியில் எனக்கு ஒருநாளும் அந்தத் தூக்கம் வாய்த்ததில்லை. எழுந்தால் முகத்தில் தரையின் சுவடு இருக்கும், பல்லில் மண் நறநறக்கும்.

பிறகு வடை. கோயில் பக்கத்துக் கடையில் ஆமவடை வாங்கினால் கிழித்த செய்தித்தாளில் கட்டிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்து, எண்ணெய் ஊறாத வரிகளை வாசிப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. ஒரு கொலைவழக்கில் சாட்சி வாய் திறக்கிற இடத்தில் கிழிந்திருந்தது. அவன் என்ன சொன்னானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடி வெட்டவே தேவையில்லாமல் சலூனில் போய் உட்கார்ந்தேன். ரேடியோவில் பாட்டு, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, அதற்குள் வரிசையாக நூறு நான். தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்தேன். கோலியைத் தட்டும்போது வருகிற அந்தச் சத்தத்துக்காகவே இரண்டாவது சோடா வாங்கினேன். சாயங்காலம் பூச்சந்தையில் மிச்சம் விழுந்த பிச்சியை அம்மாவுக்கு வாங்கி வந்தேன். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து போட்டாள். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து நான் மூன்றாம் தடவை கை நீட்டியபோது, "ஊருக்குப் போன பிள்ளைக்கு ரொம்பத்தான் பசிக்கி" என்றாள். ஒரு வேலையும் இல்லை, ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. நான் இல்லாத மாதிரி இருந்தேன், அதே நேரத்தில் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

5

கோமதியும் அப்படித்தான் இருந்தாள், அவள் பாணியில். சட்டையெல்லாம் ஹெலன் வீட்டுக்குப் போய்விட்டதால் என்னுடைய பழைய சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். கைகள் முழங்காலுக்கு வந்தன. மத்தியானத்துக்குத் தோசை கேட்டாள். சமையல் மேடையிலேயே ஏறி உட்கார்ந்து, சட்டியிலிருந்தே தயிர்சாதத்தை எலுமிச்சை ஊறுகாயோடு தின்றாள். மணிக்கணக்கில் வெந்நீரில் கிடந்தாள். ஹீட்டருக்கு மேலே காலைத் தூக்கி வைத்துத் தரைவிரிப்பில் மல்லாந்து படுத்து, ஏற்கனவே படித்த கதைப்புத்தகத்தை மறுபடியும் படித்தாள். கடற்கரைக்குப் போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி, அதைப் பிடுங்க வந்த கடற்பறவைகளிடம் சுத்தத் தமிழில் சண்டை போட்டாள். "போடா அங்கிட்டு!" அது செல்வியின் குரல் அப்படியே.

நான் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. டிசம்பர் என்ற வார்த்தையை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

6

விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்ததும், பெட்டி நேரே ஹெலன் வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்த ஹெலன், "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழி விட்டார். செல்வி சமையலறைக்குப் போய் நாள்காட்டியைப் பார்த்து, வெற்றியோடு வந்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. மேக்கேதான் சூலம். தெக்கே தாராளமாப் போலாம். அம்பாளே பாத்து நிப்பாட்டிட்டா" என்றாள்.

"எங்க அம்மா சொன்னதையே சொல்லுதா" என்றேன் கோமதியிடம்.

"பாட்டியும் உங்களை ஏர்போர்ட்ல மாட்டிவிட்டாங்களாப்பா?"

அப்போதுதான் நினைவு வந்தது, இந்தக் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அவள் அந்த ஸ்வெட்டரை மறுபடி மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி உட்கார்ந்தாள். நான் சொன்னேன்.

ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அதனால் ஆனிக் கடைசி முகூர்த்தங்களுக்குப் பாத்திரக் கடைகளில் ஒரு கரண்டிகூட மிஞ்சாது. அந்தப் புதன்கிழமை, கிழக்கே பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒரு கல்யாணம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாடசாமி அண்ணாச்சி எங்கோ போயிருந்தபோது, வேன்காரர்கள் வந்து முன்னறையில் இருந்த அத்தனையையும் ஏற்றினார்கள். என் பெட்டியையும் சேர்த்து. மறுநாள் காலையில் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். "மக்கா, ஒம் பெட்டி கல்யாணத்துக்குப் போயிட்டுலே."

அண்ணாச்சியும் நானும் டவுன் பஸ் பிடித்துத் திருவேங்கடம் போனோம். நான் அப்பா சட்டையில்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டேன். பெண்வீட்டுச் சீர்வரிசையில், குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, மணப்பெண்ணை விட அழகாக உட்கார்ந்திருந்தது. பாத்திரத்தோடு இறங்கிய புதுப் பெட்டியை, தாய்மாமன் வாங்கியது என்று பெண்ணின் அப்பா நினைத்திருக்கிறார். பெண்ணின் அப்பா வாங்கியது என்று தாய்மாமன் நினைத்திருக்கிறார். மூடி மேலே பழத்தட்டு வைத்ததில் என் பெயர் மறைந்துவிட்டது. முகப்பில் இருந்த எம்.எஸ்ஸி. மட்டும் பந்தல் முழுக்கத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு எம்.எஸ்ஸியாம்ல. சொல்லவே இல்லையே, எம்புட்டு அடக்கம்!" என்று ஒரு பெரியம்மா கன்னத்தில் கை வைத்தாள். பெண் பத்தாவது படித்தவள்.

பெண்ணின் அப்பா எங்களைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "நாங்க ஒண்ணும் பொய் சொல்லல வே. அவங்களா நெனச்சுக்கிட்டா நாங்க என்ன செய்ய முடியும்? பந்தி முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டு ஆளுக வண்டி ஏறுற வரைக்கும் பெட்டி அங்கனயே இருக்கட்டும். இப்பத் தூக்குனா எம் மானம் போயிரும்."

"இவனுக்குச் சாயங்காலம் மெட்ராஸ் ரயிலு" என்றார் அண்ணாச்சி.

"ரயிலு நாளைக்கும் வரும். எம் பொண்ணுக்குக் கல்யாணம் நாளைக்கு வருமா?"

அதற்கு மேல் என்ன பேச முடியும்? முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது பந்தியில் பரிமாறச் சொன்னார்கள். மூன்றாவது பந்தியில் மறுபடி உட்கார வைத்தார்கள். சொதியும் இஞ்சித் துவையலும் இருக்கிற பந்தியில் மறுக்கிறவன் எங்கள் பக்கத்தில் பிறந்திருக்க மாட்டான். மாப்பிள்ளை வீட்டார் முதல் வேனில் போன பிறகு, பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன் என் பக்கம் வந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அண்ணே, எம்.எஸ்ஸின்னா எத்தன வருசம் படிக்கணும்? யாரும் கேட்டா நான் சொல்லணும்லா."

"எல்லாம் சேர்த்து அஞ்சு வருசம்" என்றேன்.

"அம்மாடி" என்றாள். பிறகு, "அது என்னத்தப் பத்துன படிப்பு?" என்றாள்.

"தண்ணி, உப்பு, மருந்து, எதுல என்ன இருக்குன்னு பாக்குறது."

"அப்ப சமையல் மாதிரிதான். சமாளிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறினாள்.

சீரில் வைத்த பெட்டியை வெறுமனே எடுக்கக் கூடாது என்று, தேங்காயும் வெற்றிலைபாக்கும் இரண்டு லட்டும் மூடி மேல் வைத்துக் கொடுத்தார்கள். சங்கரன்கோவிலுக்கு வந்து இறங்கியபோது ரயில் போய்விட்டிருந்தது. பெட்டியை எதிர் வீட்டில் இறக்கிவிட்டு, நான் மட்டும் வீட்டுக்குள் போனேன்.

"பாட்டி என்ன சொன்னாங்க?" என்றாள் கோமதி.

"வியாழக்கெழம வடக்கே சூலமே கெடையாதுன்னு சொன்னா. திட்டவே இல்ல. அழவும் இல்ல. அழுகையெல்லாம் திங்கக்கெழமையே அழுது முடிச்சுட்டாள்ல. தட்டப் போட்டு, சோறு வச்சு, எதுக்க உக்காந்து, கத்திரிக்காய் விலையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தா. மறுநாள் முழுசும் அப்படித்தான். அவளுக்குக் கணக்குல இல்லாத ஒரு நாள் கெடைச்சுது. அவ முகம் இப்பவும் எனக்குத் தெரியுது."

செல்வி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோமதி ஸ்வெட்டரின் கையை மடித்து மடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அப்போ ஆள் எங்க இருக்காங்கறது கணக்கு இல்ல. பெட்டி எங்க இருக்கோ அதுதான் கணக்கு. கரெக்டா?"

"கரெக்ட்தான்."

"ஓகே" என்றாள். பிறகு இன்னொரு தோசை கேட்டாள்.

7

மறுநாள் காலையில் புதுச் சிக்கல். அந்த இரண்டாவது கேள்வியை மறுபடியும் கேட்பார்களே? "ஆமான்னு சொல்லிட்டுப் போ மக்கா. ஒரு வார்த்தைதான்" என்றேன். அவள் கேட்கவில்லை. ஹெலன் வீட்டுக்குப் போய், அங்கேயே பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குவேன், அதன் பிறகு கண்ணை எடுக்க மாட்டேன், அப்போது நான் சொல்வது உண்மையாகிவிடும் என்றாள். எங்களைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, எதையோ திணித்த ஒரு மஞ்சள் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். சங்கரன்கோவில் ஜவுளிக்கடைப் பை, செல்வி எதையும் தூக்கிப் போட மாட்டாள். நேரமாகிக்கொண்டே இருந்தது. ஹெலனின் நாய் இரண்டு தடவை குரைத்தது. ஒருவழியாக, கையில் பெட்டியோடு வந்தாள். மஞ்சள் பையை நான் கவனிக்கவில்லை.

இந்த முறை மேடையில் வேறொரு பெண். இரண்டு கேள்விக்கும் கோமதி தலை நிமிர்ந்து ஆமாம் சொன்னாள். உள்ளே போகுமுன் செல்வி அவள் நெற்றியில் புற்றுமண்ணைக் கீற்றாகப் பூசினாள். "போயிட்டு வாரேன்மா" என்று என் மகள் அம்மாவின் பேச்சிலேயே சொன்னாள். நான் டிசம்பரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பார்க்கலாம் வரும், அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப எனக்குத் தெம்பில்லை.

அன்று வீடு எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியவர்களுக்குத் தெரியும். ஸ்வெட்டரைத் துவைக்கப் போடலாம் என்று தேடினேன், அதையும் காணவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஹெலன் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"ஒரு விஷயம் உறுதி செய்துகொள்ள வேண்டும்" என்றார். "உங்கள் மகள் என் வீட்டில் ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுடைய வீட்டுச் செருப்பு, ஒரு புத்தகம், அந்தப் பெரிய ஸ்வெட்டர். டிசம்பருக்கான பயணத்தைத் தொடங்கிவிட்டாளாம். அவள் வருவதற்கு முன்னால் பை உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?"

எத்தனை வருடம் ஆனாலும் போகாத புத்தி, "சாஸ்திரப்படி பார்த்தா, அந்தப் பை அவ ஊர்லேர்ந்துல்லா கிளம்பியிருக்கணும்..." என்று செல்வியிடம் இழுத்தேன்.

"என்னத்தையாவது பேசிக்கிட்டு நிக்காதிய" என்றாள் செல்வி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எம் பிள்ளை கிளம்பிட்டா."

பிறகு ஹெலனைப் பார்த்து, சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள் என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயைக் கையில் திணித்து அனுப்பினாள்.

இது நடந்து மூன்று வாரமாகிறது. அலுவலகம் போகும்போது ஹெலன் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். கதவோரத்துக் கொக்கியில் மஞ்சள் பை தொங்குகிறது, நாய் அதன் கீழே படுத்திருக்கிறது. நேற்று ஊரிலிருந்து செல்வியின் அக்கா போன் செய்து, கோமதி எப்ப வாராளாம் என்று கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்கா" என்றாள் செல்வி.